பக்கத்தில் நிற்க ஓர் ஆள்

கேள்வி:

நாங்கள் சிலர் சேர்ந்து 4 ஆண்டுகளாக ஒரு சமூகப் பட்டறை நடத்துகிறோம். 80 உறுப்பினர்கள். மரவேலை மேசைகள், தையல் மெஷின்கள், சால்டரிங் மூலை, ஒரு லேசர் கட்டர், நன்கொடையாக வந்த ஒரு மர லேத் (மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் மெஷின்). இதுவரை தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார், அப்படியே ஓடியது. இப்போது உறுப்பினர்கள் கேட்பது எங்களுக்குத் தெரிந்ததைத் தாண்டிவிட்டது. கடைசல் வேண்டும் என்கிறார்கள், வெல்டிங் வேண்டும் என்கிறார்கள். அதனால் 40 ஆண்டு கடைசல் வேலை பார்த்த ஒரு மேஸ்திரியை அழைத்து ஒருநாள் வகுப்பு வைத்தோம். 12 பேர் வந்தோம். முக்கால் மணி நேரத்தில் ஒரு கிண்ணம் கடைந்து காட்டினார். எல்லோரும் கைதட்டினோம். எங்கள் முறை வந்தபோது ஒருவருக்கும் வரவில்லை. ஒரு உறுப்பினரின் உளி மரத்தில் சிக்கிக் கையை உதறித் தள்ளிவிட்டது. அடிபடவில்லை, ஆனால் அவர் அதற்குப் பிறகு லேத் பக்கமே போகவில்லை.

இப்போது நிர்வாகக் குழுவில் மூன்று குரல். "வெளியாள் வேண்டாம், நமக்குத் தெரிந்தது போதும்" என்கிறார் ஒருவர். "வெளியாளுக்குப் பணம் என்றால், இத்தனை நாள் சும்மா சொல்லிக்கொடுத்த எங்களுக்கு என்ன மரியாதை?" என்கிறார் இன்னொருவர். "கை போயிருந்தால் யார் பொறுப்பு?" என்பது மூன்றாமவர் கேள்வி. நிபுணரை எப்படித் தேர்ந்தெடுப்பது, என்ன கொடுப்பது, வகுப்பை எப்படி அமைப்பது? எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

— ஓர் ஒருங்கிணைப்பாளர்

பதில்:

அன்புள்ள ஒருங்கிணைப்பாளருக்கு,

உளி சிக்கியதைவிட, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்தக் கைதட்டல்தான். பட்டறைகளுக்கு வகுப்புகள் ஒழுங்கு செய்து தருவதே என் வேலை. வகுப்பு நடுவில் கைதட்டல் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கற்றுக்கொண்டிருக்கிறவர்கள் கையில் உளி இருக்கும், அரம் இருக்கும், சால்டரிங் கோல் இருக்கும். தட்டுவதற்குக் கை ஒழியாது. அன்று உங்கள் பட்டறையில் நடந்தது ஒரு நல்ல கச்சேரி. அதற்கு வகுப்பு என்று பெயர் வைத்ததுதான் பிழை.

அந்த மேஸ்திரி என்ன செய்திருப்பார் என்று பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். உளியை அவர் நேராக மரத்தில் வைத்திருக்கமாட்டார். லேத்தின் முன்னால் உளியைத் தாங்க ஒரு கட்டை இருக்கிறதல்லவா, அதன்மேல்தான் முதலில் படியவைத்திருப்பார். பிடியின் அடியை இடுப்போடு அணைத்திருப்பார். பிறகு, உளியின் கூருக்குப் பின்னால் சாணை பிடித்த சரிவு இருக்கிறதே, அதன் பின்பக்கம் மட்டும் சுழலும் மரத்தில் உரசும்படி விட்டிருப்பார். அந்த நிலையில் சீவல் வராது. அதன் பிறகு பிடியை ஒரு நூலளவு உயர்த்த, கூர் மெல்ல இறங்கிச் சீவல் பறக்க ஆரம்பித்திருக்கும். இத்தனையும் ஒரு விநாடி வேலை. பார்த்துக்கொண்டிருந்த 12 பேர் கண்ணுக்கும் பட்டது என்ன? "உளியை மரத்தில் வைத்தார், சீவல் வந்தது." உங்கள் உறுப்பினர் கண்ணில் பட்டதை அப்படியே செய்தார். பின்னால் சரிவின் தாங்கல் இல்லாத வெறும் கூரை மரத்தில் வைத்தால், சுழல்கிற மரம் அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகத்தான் செய்யும். அவர் சரியாகப் பார்த்தார், சரியாகப் பின்பற்றினார். அவருக்கு வந்து சேர்ந்த பாடம்தான் பாதியாக இருந்தது. இதை அவரிடம் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

மேஸ்திரி எதையும் ஒளிக்கவில்லை. கையில் இருப்பது வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வருகிற குறை இது. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வாளர் இதை ஒரு எளிய விளையாட்டாக வைத்துச் சோதித்தார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள், பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பினார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் தலைக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது. கேட்கிறவர் காதில் விழுவது வெறும் டொக் டொக். உங்கள் மேஸ்திரி 40 ஆண்டுகளாக அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவர்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: வெளியாட்களை அழையுங்கள், கட்டாயம் அழையுங்கள். தெரிந்ததையே தெரிந்தவர்களுக்குள் சுற்றவிட்டால் ஒருவரின் கெட்ட பழக்கம் 10 பேரின் பழக்கமாகிவிடும். ஆனால் எந்த நிபுணரையும் தனியாக வகுப்பின் முன்னால் நிறுத்தாதீர்கள். அவர் பக்கத்தில் உங்கள் பட்டறை ஆள் ஒருவர் நிற்க வேண்டும். நாற்காலி எடுத்துப் போடவும் தண்ணீர் கொடுக்கவும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. வகுப்பில் அவருக்கு ஒரு வேலை உண்டு: "ஒரு நிமிஷம், இப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்பது.

இது புதிய சண்டை ஒன்றும் இல்லை. 1870களில் ஸ்வீடனில் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் என்பவர் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைவேலை கற்பிக்கும் பயிற்சிக்கூடம் நடத்தினார். பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அங்கே வந்து படித்துப்போனார்கள். கைவேலையைச் சொல்லித்தர வேண்டியது பயிற்சி பெற்ற ஆசிரியர்தான், தொழிலாளி அல்ல என்பது அவர் கட்சி. நான் அவரோடு பாதிதான் ஒத்துப்போவேன். சொல்லித்தரத் தெரிந்தவருக்கு மரத்தின் குணம் முழுசாகத் தெரியாது. தெரிந்தவருக்குச் சொல்லத் தெரியாது. இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அதிர்ஷ்டம். அதை நம்பிப் பட்டறை நடத்த முடியாது என்பதால்தான் இரண்டு பேர் என்கிறேன்.

பக்கத்தில் நிற்கப்போகிறவரின் பெரிய வேலை வகுப்பு நாளுக்கு முன்பே முடிந்துவிடும். வகுப்புக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு மாலை நேரம் (முன்மாலை என்று வைத்துக்கொள்வோம்), நிபுணர் அவருக்கு மட்டும் அந்தப் பாடத்தை எடுக்க வேண்டும். இவர் உங்கள் பட்டறையை நன்கு அறிந்தவராகவும் அந்த வித்தையில் புதியவராகவும் இருப்பது நல்லது. ஏற்கெனவே கடைசல் தெரிந்தவரை உட்காரவைத்தால் இரண்டு பேர் தலையிலும் அதே பாட்டு ஓடும், கேள்வியே வராது. தெரியாதவர் நூறு தடவை நிறுத்துவார். "ஏன் இடது கையை அங்கே வைத்தீர்கள்?" "சத்தம் மாறியதும் கையைத் தளர்த்தினீர்களே, சத்தத்தில் என்ன கேட்டீர்கள்?" முதல் அரைமணி நேரம் நிபுணருக்கு எரிச்சல் வரும். பிறகு ஒரு கட்டத்தில், "அட, இதை நான் செய்கிறேன் என்றே எனக்குத் தெரியாது" என்பார். இந்த வாக்கியத்தை மரவேலைக்காரர், தையல்காரர், எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர் என்று எல்லோர் வாயாலும் கேட்டிருக்கிறேன். அது வந்தவுடன் பாதிப் பாடம் தயார்.

அந்த மாலை எழுதிவைக்க வேண்டியது என்ன என்பதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுபவமே இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய மேஸ்திரிகளுக்கோ சொல்லித்தந்து பழக்கமில்லை. 1940 முதல் 1945 வரை நடந்த 'ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற அரசுத் திட்டம், அந்த மேஸ்திரிகளுக்கு 2 மணி நேரமாக 5 அமர்வு, மொத்தம் 10 மணி நேரப் பயிற்சி ஒன்றை வைத்தது. வேலையை முக்கியப் படிகளாகப் பிரி. ஒவ்வொரு படியிலும் சூட்சுமம் எது என்று குறி.  வேலையை ஆக்குவதோ கெடுப்பதோ, ஆளைக் காயப்படுத்தக்கூடியதோ, வேலையைச் சுலபமாக்குவதோ எதுவோ அதுதான் சூட்சுமம், மற்றதெல்லாம் பேச்சு.

அந்தப் பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு வேடிக்கை செய்வார்கள். விளக்கு மாட்டும் ஹோல்டருக்குள் ஒயர் இழுபடாமல் இருக்க ஒரு முடிச்சுப் போடுவதுண்டு. பயிற்சியாளர் அதை எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் சொல்வார், ஒருவருக்கும் வராது. பிறகு பேசாமல் போட்டு மட்டும் காட்டுவார், அப்போதும் வராது. மூன்றாவதாகத்தான் படி, சூட்சுமம் என்று சொல்லிக்கொண்டே காட்டி, பிறகு கற்பவரையே போடவைத்து, போடும்போது அவர் வாயாலேயே சூட்சுமத்தைச் சொல்லவைப்பார். வந்துவிடும். உங்கள் கடைசல் வகுப்பு இதில் இரண்டாவது கட்டத்தோடு நின்றுபோனது.

நிபுணரைத் தேர்ந்தெடுக்க நான் கேட்பது ஒரே கேள்வி. அவர் செய்த பொருள்களைப் பார்ப்பேன், வியப்பேன், அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, "புதிதாக வருகிறவர் முதல் நாளில் எங்கெல்லாம் தப்பு செய்வார்?" என்று கேட்பேன். உடனே நாலைந்து தப்பை அடுக்குகிறவர், பல பேரை உட்காரவைத்துப் பார்த்தவர். அவரை விடாதீர்கள். "அதெல்லாம் ஒன்றும் இல்லை, செய்யச் செய்யக் கை வந்துவிடும்" என்கிறவர் பெரிய ஆளாகவே இருக்கலாம்; அவரை அழைத்தால் முன்மாலை ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், சொந்தக் கடையில் உதவியாளர்களைப் பழக்கியவர்கள் இந்த வகையில் நல்ல தேர்வு. ஊரறிந்த பெரிய பெயரைவிட, அந்த வேலையைக் கற்று நாலைந்து ஆண்டுகளே ஆனவர் அறிமுக வகுப்புக்குப் பல நேரம் மேல். தான் திணறிய இடம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்றும் கவனிப்பேன். அந்த முன்மாலையில் உங்கள் ஆள் தப்பாகச் செய்யும்போது, நிபுணர் அவர் கையிலிருந்து கருவியைப் பிடுங்கித் தானே செய்துகாட்டுகிறாரா? பிடுங்கினால் அதை அன்றைக்கே நட்பாகச் சொல்லிவிடுங்கள்: "வகுப்பில் உங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்." பெரும்பாலோர் சிரித்துவிட்டு முயல்வார்கள். அறவே முடியாதவர்களைச் செயல்விளக்கத்துக்கு மட்டும் அழைக்கலாம். அதுவும் தேவைதான், டிக்கெட்டில் 'செயல்விளக்கம்' என்றே போடுங்கள், வருகிறவர் ஏமாறமாட்டார். தன் கருவியையோ தன் நீண்ட கோர்ஸையோ விற்பதற்காக வருகிறவரும் உண்டு. விற்பனை கூடாது என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட்டால் மனக்கசப்பு இல்லை.

பணத்துக்கு வருகிறேன். உங்கள் குழுவில் மரியாதை பற்றிக் கேட்ட அந்த உறுப்பினர் பணத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டால் தப்பு. 4 ஆண்டுகள் உழைத்திருக்கிறார். ஒரு வெளியாள் ஒரே நாளில் கைதட்டல் வாங்கிப் போகிறார். வருத்தம் நியாயமானது. ஆளைப் பார்த்துப் பணம் கொடுக்காமல் வேலையைப் பார்த்துக் கொடுப்பது என்று ஒரு விதி எழுதுங்கள். கட்டணம் வாங்கி, பாடம் தயார் செய்து, பொறுப்பேற்று ஒரு வகுப்பை நடத்துகிறவர் வெளியாளாக இருந்தாலும் உறுப்பினராக இருந்தாலும் ஒரே ஊதியம். நட்பாக ஒருவருக்கொருவர் சொல்லித்தருவது எப்போதும்போல் இலவசம். பக்கத்தில் நிற்கிறவருக்கும் ஏதாவது உண்டு: அந்த வகுப்புக்குக் கட்டணம் இல்லை என்பதோடு ஒரு சிறு தொகையோ, சில மாதச் சந்தா விலக்கோ. சொல்லித்தந்து பழகிய உங்கள் பழைய உறுப்பினர்கள்தான் அந்த இடத்துக்கு முதல் தகுதி. கடைசல் தெரியாது, ஆனால் ஒரு வகுப்பை எப்படி நகர்த்துவது என்று அவர்களுக்குத் தெரியும். "வெளியாள் வந்துவிட்டார், நீங்கள் ஒதுங்குங்கள்" என்பதற்கும் "வெளியாள் வருகிறார், உங்களை நம்பித்தான் அவரை அழைக்கிறோம்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெளியாளிடம் இலவசமாக வரச்சொல்லிக் கேட்காதீர்கள். சும்மா வந்தவரிடம் "சரியான நேரத்துக்கு வாருங்கள்" என்று சொல்லக்கூட வாய் வராது. முன்மாலைக்கு எப்படி வரச்சொல்வீர்கள்? ஊதியத்தைக் கணக்கிடும்போது வகுப்பு நேரத்தை மட்டும் பார்க்காமல், முன்மாலை, பொருள் சேகரிப்பு, துப்புரவு எல்லாவற்றையும் சேருங்கள். மரம், கம்பி, துணி போன்றவற்றின் செலவு தனிக்கணக்கு. தலைக்கு இவ்வளவு என்று பேசுவதை நான் விரும்புவதில்லை. தலை கூடினால் வரவு கூடும் என்று ஆனவுடன் எல்லோருக்கும் ஆளைச் சேர்க்கத்தான் கை போகும். நிலையான ஒரு தொகை, குறைந்தது இத்தனை பேர் சேராவிட்டால் எந்தத் தேதிக்குள் ரத்து, ரத்தானால் என்ன கொடுப்பது, இவற்றை அரைப்பக்கத்தில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பாடக்குறிப்பும் படமெடுப்பதும் யாருடையவை என்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம். அவரைக் கேட்காமல் வீடியோ எடுப்பது, அவர் பாடத்தை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த முறை அவரை அழைக்காமல் விடுவது, இரண்டும் திருட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பிகள்.

எத்தனை பேர் என்பதைப் பணம் முடிவு செய்யக்கூடாது, மெஷின் முடிவு செய்ய வேண்டும். ஒரு லேத் இருந்தால் 3 பேர், மிஞ்சினால் 4 பேர். ஒருவர் கடைவார், ஒருவர் பக்கத்தில் நின்று அவர் செய்வதைச் சொல்லிப்பார்ப்பார், இன்னொருவர் சாணை மேசையில் உளியைத் தீட்டிப் பழகுவார். 12 பேர் ஒரு லேத்தைச் சுற்றி நின்றால் 11 பேர் பார்வையாளர்கள். சால்டரிங் என்றால் ஆளுக்கொரு கோல் கொடுக்க முடியும், 8 பேர்கூட உட்காரலாம். கூட்டம் அதிகம் வந்தால் அதே வகுப்பை இரண்டு முறை வைப்பதுதான் வழி.

கிண்ணத்தில் ஆரம்பித்ததும் உங்கள் வகுப்புக்குப் பாரமாகிவிட்டது. கிண்ணம் சுழலும்போது உளிக்கு முன்னால் மரத்தின் நார் ஒரே சுற்றில் திசை மாறி மாறி வரும். வெட்டு ஒருமுறை இணங்கும், ஒருமுறை எதிர்க்கும். இரண்டு முனையிலும் பிடித்த நீளக் கட்டையில் நார் ஒரே போக்கில் ஓடும். கை பழக அதுதான் இடம். முதல் வகுப்பில் ஒரு சதுரக் கட்டையை உருளையாக்கி, அதில் ஒன்றிரண்டு பள்ளமும் மேடும் எடுத்தால் போதும். வீட்டுக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டும் என்றால் அதையே ஒரு உளிக்குப் பிடியாக்கலாம். வகுப்பு ஆரம்பித்த கால் மணி நேரத்துக்குள் எல்லோர் கையிலும் கருவி இருக்க வேண்டும் என்பது நான் விட்டுக்கொடுக்காத ஒன்று. அதற்கு மெஷின் ஓட வேண்டும் என்றுகூட இல்லை. லேத்தை நிறுத்தி, பிளக்கை உருவிவிட்டு, ஒருவர் கட்டையைக் கையால் மெல்லச் சுழற்ற, இன்னொருவர் உளியை வைத்துப் பார்க்கட்டும். சரிவு எப்போது உரசுகிறது, கூர் எப்போது கடிக்கிறது என்பது கைக்கு நன்றாகத் தெரியும். உளி சிக்குவது எப்படி இருக்கும் என்பதையும் ஆபத்தில்லாமல் அப்படியே காட்டிவிடலாம். அன்று ஒரு பத்து நிமிஷம் இது நடந்திருந்தால் உங்கள் உறுப்பினர் பயந்துபோயிருக்கமாட்டார்.

ஒரே நாளில் 6 மணி நேரம் என்பதைவிட, ஒரு வார இடைவெளியில் இரண்டரை மணி நேரமாக இரண்டு முறை வைப்பது நல்லது. நடுவில் ஒரு பழகு மாலை. அதற்கு நிபுணர் வேண்டாம், பக்கத்தில் நின்றவர் போதும்.

இனி பொறுப்பு. இதில் நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒழுங்கு செய்த வெல்டிங் வகுப்புக்கு ஒரு நல்ல வெல்டர் வந்தார். பழகுவதற்கு வேண்டிய குழாய்த் துண்டுகளை அவரே கொண்டுவந்தார். துத்தநாகம் பூசிய குழாய்கள். அவர் கடையில் திறந்தவெளியில் நின்று தினமும் அதைத்தான் பற்றவைக்கிறார், காற்று புகையை அடித்துக்கொண்டு போய்விடும். எங்கள் அறைக்கு இரண்டே ஜன்னல். அன்றிரவு இரண்டு பேருக்குக் குளிர்காய்ச்சல், உடம்புவலி. துத்தநாகம் சூட்டில் ஆவியாகி எழும் வெண்புகை உள்ளே போனால் சில மணி நேரம் கழித்து வருகிற காய்ச்சல் அது. ஓரிரு நாளில் தணிந்துவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தன் இடத்தின் பழக்கத்தோடு என் இடத்துக்கு வந்தார். என் இடத்தின் காற்றோட்டம் எனக்குத்தான் தெரியும். பொருளை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டியவன் நான்.

அதிலிருந்து இரண்டு விதிகள். நிபுணர் கொண்டுவரும் எந்தப் பொருளும் வகுப்புக்கு முன்னால் உங்கள் ஆள் கண்ணில் பட்டாக வேண்டும். லேசர் வகுப்புக்கு வருகிறவர் ரெக்சின் துண்டு எடுத்துவந்தால் வேண்டாம் என்று சொல்ல உங்கள் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிவிசி கலந்த எதை லேசரில் வெட்டினாலும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது நுரையீரலையும் அரிக்கும், மெஷினையும் அரிக்கும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிக் காட்டுகிறவர் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனால், அது தானாகவே சூடேறி இரவில் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும். வெல்டிங் வகுப்பில் செய்கிறவருக்கு முகக்கவசம் இருக்கும், வேடிக்கை பார்க்கிறவருக்கு இருக்காது. கண்ணெரிச்சல் அன்றிரவு அவருக்குத்தான் வரும்.

இரண்டாவது, உங்கள் மெஷினைத் தொடுகிற எவரும், 40 ஆண்டு அனுபவம் இருந்தாலும், உங்கள் மெஷின் அறிமுகத்தை முடித்தே தொட வேண்டும். "அவருக்கா நாம் சொல்லித்தருவது?" என்று உங்களுக்கு நா எழாது, எனக்குத் தெரியும். "எங்கள் லேத்துக்கு ஒரு கிறுக்கு உண்டு, வாருங்கள் காட்டுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எந்தத் தொழிலாளியும் ஓடி வருவார். நிறுத்தும் பொத்தான் எங்கே, முதலுதவிப் பெட்டி எங்கே, தொளதொளச் சட்டையும் கையுறையும் லேத் அருகே கூடாது என்பதெல்லாம் அந்தக் கிறுக்கோடு சேர்ந்து போய்விடும். கையுறை பற்றி ஒரு வார்த்தை: பாதுகாப்பு என்று நினைத்து மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். சுழலும் மெஷினில் கையுறை நூல் சிக்கினால் விரலையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

வகுப்பை எந்த நிமிஷமும் நிறுத்தும் அதிகாரம் பக்கத்தில் நிற்கிறவருக்கு உண்டு என்பதை நிபுணர் முன்னிலையிலேயே எல்லோருக்கும் சொல்லுங்கள். நிபுணரின் கண் வேலையின்மேல் இருக்கும். அடுத்த மேசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி நெற்றிமேல் ஏற்றுவதைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். காப்பீடு இருந்தால், வெளியாள் நடத்தும் வகுப்புக்கும் உறுப்பினர் அல்லாத மாணவர்களுக்கும் அது பொருந்துமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால், வெளியார் வகுப்பு தொடங்கும் முன் அதை எடுப்பதுதான் முதல் செலவு. "எல்லாம் என் பொறுப்பு" என்று மாணவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உங்கள் தரப்புக் கவனக்குறைவை அந்தத் தாள் மூடிவிடும் என்று நம்பாதீர்கள். உங்கள் பகுதிச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் அதைக் காட்டிவிடுங்கள். சிறுவர் வகுப்பாக இருந்தால் எந்தப் பெரியவரும் அவர்களோடு தனியாக இருக்கக்கூடாது. இரண்டு பேர் நிற்பதில் அதற்கும் வழி கிடைத்துவிடுகிறது.

"நமக்குத் தெரிந்தது போதும்" என்கிறவருக்கு நீங்கள் விவாதத்தால் பதில் சொல்ல முடியாது. இதே வகுப்பு மூன்றாவது முறை நடக்கும்போது அறிமுகப் பாடத்தைப் பக்கத்தில் நின்றவரே எடுக்கலாம். மேஸ்திரியிடம் அதை முதலிலேயே சொல்லி, அதற்கு அடுத்த நிலை வகுப்பை அவருக்கென்று வையுங்கள். கிண்ணத்துக்கு அப்போது நேரம் வரும். ஒரு வருஷத்தில் பட்டறைக்குள்ளேயே கடைசல் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால் அந்த நண்பர் தானாகவே அமைதியாகிவிடுவார். ஆகாமலும் போகலாம், ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பது கெடுதல் ஒன்றும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: புதிதாக யாரையும் தேடாதீர்கள், அதே மேஸ்திரியிடம் போங்கள். அன்று வகுப்பு சரியாகப் போகவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்; திரும்பக் கூப்பிடமாட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். "பிழை எங்களுடையது, உங்களைத் தனியாக விட்டுவிட்டோம்" என்று சொல்லி, ஒரு மாலை கேளுங்கள். போகும்போது, உளி சிக்கியதே, அந்த உறுப்பினரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்று அவர் கைக்கு நினைவிருக்கும். மேஸ்திரி பக்கத்தில் நிற்க அவரைவிடப் பொருத்தமான ஆள் உங்கள் 80 பேரில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.